அரபிக்கடலில் ஒரு பொய்ப் புள்ளி

சந்திரம்மாள் என் மனைவி. பிறந்தது கீழ்பென்னாத்தூரில், வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலையில். கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு காலத்தில், போன வாரம் அரபிக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் எங்கே நின்றது என்று எங்கள் தெருவில் அவளைக் கேட்டால்தான் தெரியும்.

எல்லாம் அவள் அண்ணன் வேணு செய்த வேலை. அவர் கப்பலில் அதிகாரி. 1958இல் லீவுக்கு வந்தபோது, புதுப் பதிப்பு வந்ததால் கழித்துப்போட்ட கடல் வரைபடம் ஒன்றைத் தங்கைக்குக் கொண்டுவந்தார். நிலமெல்லாம் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. நடுவில் வெறும் தண்ணீரும் ஆழத்தைச் சொல்லும் பொடி எண்களும்தான். நான் சர்வே ஆபீசில் வயலை அளந்து படம் போடுகிறவன். எனக்குத் தெரியாத படமா? டிவைடரை எடுத்து, கீழ்விளிம்பில் வைத்துத் தூரம் சொன்னேன்.

"அப்படி இல்ல மாப்ள," என்றார் வேணு. "கடல் படத்துல பக்கத்து விளிம்புலதான் அளக்கணும். அதுவும் கப்பல் நிக்கிற மட்டத்துக்கு நேரா. ஒரு டிகிரிக்கு அறுபது கடல் மைலு."

சந்திரம்மாள் அவரைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கடிதம் வந்தது. நடுக்கடலில் அடையாளம் சொல்ல மலையா இருக்கிறது, கோபுரமா இருக்கிறது? சூரியனை அளந்து கணக்குப் போட்டு, தினமும் நடுப்பகலில் கப்பல் இருந்த இடத்தை வடக்கே இத்தனை டிகிரி, கிழக்கே இத்தனை டிகிரி என்று இரண்டு எண்களாக எழுதியிருப்பார். இவள் உலையை இறக்கிவைத்துவிட்டு, என்னைக் கேட்காமல் என் டிவைடரை எடுத்துப் புள்ளி வைப்பாள். நான் ஊர் ஊராக நிலம் அளக்கக் கேம்ப் போய், வெயிலில் சங்கிலி இழுத்துக் கறுத்துத் திரும்பினால், "சோறு போடட்டா?" அவ்வளவுதான். அண்ணனுக்கு அரபிக்கடல், எனக்கு ரசம். வயிறு எரிந்தது.

1962இல் ஏடனிலிருந்து வந்த கடிதம் என் கையில் சிக்கியது. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரு நாள் கணக்கில் வடக்கே பதினான்கு டிகிரி என்றிருந்தது. அதே நீல மையால் நாலை ஒன்பதாக்கினேன். பெரிய அதிகாரியின் லட்சணம் அவளுக்கும் தெரியட்டுமே!

சாயங்காலம் அவள் புள்ளி வைத்தாள். கப்பல் அரேபிய மணலில் ஏறி நின்றது.

"உங்கண்ணன் கணக்கு இவ்ளோதான்," என்றேன்.

அவள் முந்தைய நாள் புள்ளியிலிருந்து டிவைடரை விரித்துப் பக்கத்து விளிம்பில் வைத்துப் பார்த்தாள்.

"முந்நூத்து முப்பது மைலு வருது. மணிக்குப் பத்து மைலு ஓடுற கப்பல் ஒரு நாள்ல இம்மாந்தூரம் எப்படிப் போவும்?" கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணன் ஒம்போதுக்கு வால் வளைஞ்சிருக்கும். இது நேரா நிக்குது. வயல் படத்துல நீங்க போடுற ஒம்போதுங்க இது."

இனி எதை மறைக்க? "ஆமா, நான்தான்! அவரு எங்க இருக்காருன்னு தேடுறியே, நான் எங்க போறேன்னு ஒரு நாளாவது தேடினியா?"

அவள் டிவைடரைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் எழுதுறாரு. நீங்க 'கேம்ப்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செருப்ப மாட்டிக்கினு போயிடுறீங்க. போன ஐப்பசி மழையில நாலு நாளு ஆளக் காணோம். ஏரி உடைஞ்சிடுச்சுன்னு வேற சொன்னாங்க. நனைஞ்சிக்கினு உங்க ஆபீசுக்கு வந்தேன். 'புருசன் போன எடம் பொண்டாட்டிக்கே தெரியாதா'ன்னு பியூன் சிரிச்சான். உங்கள நான் எந்தப் படத்துல தேடுறது? இப்பவாச்சும் சொல்லுங்க. அந்த நாலு நாளும் எங்க இருந்தீங்க?"

அடி அண்ணாமலையில் இருந்தேன். வீட்டிலிருந்து ஐந்து மைல்கூட இல்லை. அளவு வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. மழையைச் சாக்கிட்டு மணியக்காரர் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தேன்.

"கேம்ப்லதான்," என்றேன்.