கார்டின் அடியில் நின்ற ஸ்டீபன் அண்ணன்

ஸ்டீபன் அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் நாமக்கல் ஆலயப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டை மூடுவதற்குள் வரிசையாகக் கும்பிடும் கைகள். பிறகு, "ஈடு இணையற்ற பேஸ் கிட்டார் கலைஞர்" என்று கீபோர்டு வாசிக்கும் பென்னட் மாஸ்டர் எழுதினார். ஞாயிறுதோறும் அந்தக் கலைஞரின் ஒலியை யாருக்கும் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்தவரும் இவர்தான்.

அண்ணன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான் பத்தாம் வகுப்பு. பாட்டு வரிகளுக்கு மேல் கார்டுகளைக் குறித்து, குழுவுக்குக் கார்டுத் தாள் எழுதுவது என் வேலை. கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். சி கார்டில் சி, இ, ஜி என்று மூன்று சுரங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சி ஒலித்தால் அது நேர் நிலை. இ ஒலித்தால் முதல் இன்வெர்ஷன், அதாவது புரட்டிய நிலை; ஜி ஒலித்தால் இரண்டாவது. மாஸ்டரோ தன் வலது கை பிடிக்கும் சுரங்களை மட்டும் பார்த்துக் கார்டுக்குப் பெயர் வைப்பார். அதற்கும் கீழே பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு ஒத்திகையில் அண்ணன் கேட்டேவிட்டார். "ஏனுங்க மாஸ்டர், நான் கீழ சி-யிலயே நிக்கறேன். நீங்க மேல எப்படிப் புடிச்சா என்னங்க, இன்வெர்ஷன் எங்கீங்க வந்துச்சு?"

"நீ தியரி படிச்சிருக்கியா? போய் வெல்டிங்கப் பாருப்பா."

குழுவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "அங்கயும் இதேதானுங்க. மேல பாடிய எப்படி வேணாக் கட்டலாம். கீழ இருக்கற சேசிஸ மாத்துனாத்தானுங்க வேற வண்டி."

என் பையில் இருந்த தியரிப் புத்தகமும் அதையேதான் சொன்னது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அன்று சிரித்த எல்லோரையும்விட என்னைத்தான் கேவலமாக நினைக்கிறேன்.

அதன்பின் தாளில் ஒவ்வொரு கார்டுக்கும் பக்கத்தில் சாய்கோடு போட்டு அடிச் சுரத்தை எழுதினேன். அதை அண்ணன் ஒருவர்தான் படித்தார். ஒரு பாட்டில் அவர் சி, பி, ஏ, ஜி என்று படிப்படியாக இறங்கியபோது முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். மாஸ்டர் அது தன் வாசிப்புக்கு என்று நினைத்துத் தலையாட்டினார். நான் முறைத்தேன்.

"உடு சாமி, செலவில்லாத சந்தோசம்," என்றார் அண்ணன்.

அடக்கம் முடிந்த வாரமே குழு நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில் ஆளாளுக்கு அவரைப் புகழ்ந்தார்கள்; அவர் படத்தை அட்டையில் போட்டு ஒரு பாட்டுப் புத்தகம் அச்சிட முடிவானது. தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

"அந்தச் சாய்கோடெல்லாம் எடுத்துடும்மா," என்றார் மாஸ்டர். "பேஸ் வாசிக்கத்தான் ஆளில்லையே. நான் புடிக்கற மாதிரி இன்வெர்ஷன் பேரப் போட்டுடு."

அட்டையில் அண்ணன் முகம் இருக்கலாம். உள்ளே அவர் வாசித்த ஒரு சுரம்கூட இருக்கக் கூடாது.

"அது தப்புங்க மாஸ்டர். அடியில இருக்கறதப் பாத்துத்தான் பேரு. அண்ணன் சொன்னதுதான் சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வேலை வேறொருவர் கைக்குப் போனது. புத்தகம் வரும் ஞாயிறு வெளியாகிறது. வாங்கி வையுங்கள், அட்டை நன்றாக இருக்கிறது.

அண்ணனின் அடிச் சுரங்கள் நாற்பது பாட்டுக்கும் என் கையெழுத்தில் என்னிடம் இருக்கின்றன. பேஸ் வாசிக்க யார் வந்தாலும் கொடுப்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். குழுவினரே, அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.