நாலாவது கியர்

எங்கள் தீவில், மரைன் ஹில்லில் ஒரு காண்ட்ராக்டர் மெயின்லேண்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கப்பலில் வரவழைத்திருந்தார். அதற்கு டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே ஆள். ஒல்லி உடம்பு, கிரீஸ் ஏறிய நகங்கள், தூத்துக்குடிப் பேச்சு. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். சத்தம் அடங்கிய பிறகுதான் எடுப்பார்.

"வண்டிக்கு மூச்சு முட்டுது சார்" என்றார் ஒருநாள், காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதும் என்னிடம். எஞ்சினின் நாலு வாயிலிருந்து வரும் புகையும் ஒரே குட்டைக் குழாயில் முட்டிக்கொண்டு நிற்கிறதாம். ஹேடோ துறையில் உடைத்துப்போட்ட லாஞ்சுப் படகின் குழாய்களை வாங்கிவந்து, மணல் அடைத்து, காய்ச்சி வளைத்து, வாய்க்கு ஒன்றாக நாலு நீளக் குழாய் செய்தார். அந்த மழைக்காலம் முழுக்க அதே வேலைதான்.

மாட்டிய அன்று என்னையும் ஏற்றிக்கொண்டார். கார் பாய்ந்தது. டெய்ரி ஃபார்ம் தாண்டி முதல்தடவையாக நாலாவது கியர் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அது அடங்குவதற்குள் பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று. எதிரே கடல்.

எஞ்சினை அணைத்துவிட்டு, வாயிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, ஜோராத்தானே ஓடுது?" என்றேன்.

"ஓடுது. க்யா ஃபாயிதா சார், என்ன பிரயோசனம்? முன்னல்லாம் இங்க வந்து சேர்றதுக்குள்ள ஒரு பீடி முழுசாக் குடிச்சிருவேன். இன்னைக்குப் பாதிகூடக் கரியல, ரோடு தீந்துபோச்சு. இருக்கிற தீவையும் நானே சின்னதாக்கிட்டேன்."

மறுநாள் பழைய குழாயையே மாட்டிவிட்டார். புதியதை ஷெட்டில் தொங்கவிட்டார். அதன்பிறகு சங்கு ஊதினால் எண்ணெய்த் துணியை எடுத்து, துரு ஏறாமல் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எந்த ரோட்டுக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.