மூக்கில் வரைந்த ஆறு கப்பல்கள்

அந்த விமான மாடலை நினைத்தாலே என்மேல் எனக்கே வெறுப்பு வரும். பிளாஸ்டிக் பயணிகள் விமானம் ஒன்றை வெட்டி ஒட்டி, உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானமாக மாற்றியிருந்தேன். நம்மூர் உப்பளத்து உப்பைத் தூவிப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்பை உரசி உதிர்த்தேன். பெயிண்ட் உரிந்த பழைய விமானமாகவே தெரிந்தது. கடைசியாக, மூக்கருகே ஆறு குட்டிக் கப்பல்களை வரைந்தேன்.

மணப்பாட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த தங்கச்சி பார்க்க வந்தாள். அவள் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஏவுகணைக்குப் பயந்து பயந்து அந்தக் கப்பல் அன்று செங்கடலைக் கடந்துகொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும்.

“இது என்னண்ணே, கப்பலா?”

“அவ்வளவும் இந்த பிளேன் அடிச்சு முக்குன கப்பலுல்லா!” என்றேன் பெருமையாக.

“ஒண்ணுல எத்தன பேரு இருந்திருப்பாவ?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்துக் கப்பல்களைத் துடைத்தேன். ஒரே இழுப்பில் ஆறும் தடமில்லாமல் போயின. அவ்வளவு சுலபமாகப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.