காதரின் பற்றுச்சீட்டுகள்

சிங்கப்பூரின் பிடோக்கில் எதிர்வீட்டுக் காதரும் நானும் ஒரே வகை மகிழுந்தை ஒரே வாரத்தில் வாங்கினோம். நான் விற்பனை நிறுவனத்திடமே பராமரிப்புக்கு விட்டேன். அவரோ வெளிப் பணிமனையில் பாதிச் செலவில் முடித்துக்கொண்டார். அது என் நெஞ்சை அரித்தது. உத்தரவாதம் போய்விடும் என்று அவரை எச்சரித்தேன். போகட்டும் என்றே உள்ளூர விரும்பினேன்.

அவர் வண்டியின் கியர் பெட்டி பழுதானபோது, நிறுவனம் கைவிரிப்பதைக் காணவே துணைக்குச் சென்றேன். அங்கிருந்த தமிழ் அலுவலர் காதர் நீட்டிய பற்றுச்சீட்டுக் கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார்.

"வெளியில செஞ்சாலும் பரவால்ல லா. ரசீதெல்லாம் கரெக்டா இருக்கு. வாரண்டியில மாத்தித் தர்றோம்."

என் முகம் சுருங்கியது. காதர் என் கையைப் பற்றினார்.

"நீங்க பயமுறுத்தினதாலதான் அண்ணே, ஒரு சீட்டு விடாம வச்சிருந்தேன்."

அந்த நன்றிக்கு நான் உரியவனல்லன் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.