மூன்று கோடு, நான்கு அறை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில், கொழும்புக்குத் தோணியில் அனுப்பும் சரக்கை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டைகளுக்குக் குறி எழுதும் வேலை எனக்கு. அதற்கு முன் ஆறு வருஷம் உப்பளத்தில் சுமந்தேன். பிரஷைக் கையில் பிடித்த பிறகுதான் கால் வெடிப்பு ஆறியது.

குறி என்பது ஒரே வரி. சரக்கின் எழுத்து, வியாபாரியின் எழுத்து, தரம், ஏற்ற வேண்டிய தோணியின் எண். இவற்றைப் பிரிக்க மூன்று சாய்ந்த கோடுகள். நி/ம/1/2 என்றால் நிலாவாரை என்ற மருந்து இலை, ‘ம’ வியாபாரி, முதல் தரம், இரண்டாம் தோணி. வெங்காயத்துக்குத் தரம் கிடையாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு வெ/ம//2 என்று எழுதுவேன்.

அந்த வாரம் கணக்கர் புதியவர். அவர் குறியைப் படிக்கப் படிக்கச் சுமைக்காரர்கள் மூட்டைகளைப் பிரித்து அடுக்கினார்கள். இரண்டாம் தோணி கிளம்பும் நேரத்தில் பார்த்தால், நாற்பது வெங்காய மூட்டைகள் ஏறாமல் ஓரமாகக் கிடந்தன.

“ஏளா, இங்கன வா. தோணி நம்பர் எங்க?” என்றார் கணக்கர்.

“எழுதியிருக்கேன், அண்ணாச்சி.”

“எங்கன? வெங்காயம், ம, ரெண்டாந் தரம். பொறவு ஒண்ணுமில்ல. நம்பர முழுங்கிட்டியா?”

பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவள் விடவில்லை. “அவ சோத்தையே ஒழுங்கா முழுங்க மாட்டா, அண்ணாச்சி. நம்பரையா முழுங்கப் போறா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “பிரஷ வச்சிட்டு நாளைக்கு உப்பளத்துக்கே போயிரு.”

தோணியை ஓட்டும் தண்டல் வாசலில் நின்று கத்தினார். “காத்து உங்களுக்காவ நிக்காது. ஏத்தணுமா, வேண்டாமா?”

உப்பளத்தை நினைத்ததும் பேச்சு வந்துவிட்டது.

“எழுத்த எண்ணாதீங்க, அண்ணாச்சி. கோட்ட எண்ணுங்க.”

ஒதுக்கியவற்றில் நிலாவாரை மூட்டை ஒன்றும் கிடந்தது. அதில் நி/ம/1/ என்று இருந்தது. இன்னும் தோணி முடிவாகாத சரக்கு. அதையும் வெங்காய மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். இரண்டிலும் மூன்று கோடு.

“மூணு கோடுன்னா நாலு அறை. இதுல கடைசி அறை காலி. தோணி இல்ல. வெங்காயத்துல மூணாவது அறைதான் காலி. கடைசியில ரெண்டு இருக்கு பாருங்க, அது தோணி.”

அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு கோடு ஒட்டி நிக்கே, ஒன் கை நடுக்கம்னுல்லா நெனச்சேன்.”

“எங் கை நடுங்காது, அண்ணாச்சி.”

நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம்.

அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மூட்டையிலிருந்து விரல் வைத்துப் படித்தார்: “வெங்காயம், ம, சும்மா, ரெண்டாந் தோணி.” நாற்பதும் ஏறின. அவர் ஒவ்வொரு முறை ‘சும்மா’ என்று சொன்னபோதும் நான் நிமிர்ந்து நின்றேன். அந்த வெற்றிடமும் நான் எழுதியதுதான்.

மறுநாள் காலை மிளகாய் வத்தல் வந்தது. மதியத்துக்குள் அறுபது மூட்டைகளுக்குக் குறி எழுதினேன்.