செம்மேட்டுச் சந்தையில் பாலைவனப் பூசணி

யாரும் பார்த்தறியாத காயைச் சந்தையில் விற்றவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். முதலில் காய்க்கு ஜாதகம் சொல்ல வேண்டும், பிறகுதான் வியாபாரம்.

பட்டாளத்தில் லாரி ஓட்டும் என் கணவர், பாலைவனத்து மணலில் விளைகிற ஒரு பூசணியின் விதையை, லீவில் வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் சரிவுக் காட்டில் போட்டேன். பாறையெல்லாம் ஏறிக் காய்த்துவிட்டது. என் மகள் செல்விக்குத் தாய்ப்பால் போதாமல், வேறு எதைக் கொடுத்தாலும் துப்பி, மெலிந்துகொண்டே வந்த சமயம் அது. அவளை இடுப்பிலும் காயைத் தலையிலும் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனேன்.

தின்று காட்டு

சுரை, பூசணியில் கசப்புக் காய் வயிற்றைப் புரட்டிவிடும். அதனால் மலையில் ஒரு வழக்கம்: புதுக் காய் கொண்டுவந்தவர் முதலில் ஒரு கீற்றைப் பச்சையாகத் தின்று காட்ட வேண்டும். கான்வெண்டில் முள்கரண்டி பிடிக்கப் பழகிய நான், நடுச்சந்தையில் பூசணியைக் கடித்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். பக்கத்தில் மிளகு விற்ற பொன்னாயி அக்கா சொன்னார்: “மூஞ்சி கோணலீங்க. எறங்குதான்னும் பாக்கோணும், இன்னொரு வாய் தின்னுங்க அம்மிணி.”

சிஸ்டர் நடத்திய பாடம்

சுகாதார வகுப்பில் சிஸ்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மஞ்சள் சதை கண்ணுக்கு நல்லது. சுலபமாகச் செரிக்கும். மலம் இளகும். விதையை வறுத்துத் தின்றால் தெம்பு. முள்ளுக்குறிச்சியிலிருந்து உப்பு விற்க வரும் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இத்தனையும் செய்யும்னா இது டாக்டரும்மா. எனக்கு ஒரு குழம்புக்குக் காய் இருந்தாப் போதும்.”

பலன்

மலச்சிக்கலுக்கென்று வாங்கிப்போன சாமைக்காட்டுப் பெரியவர் ஒருவர், முழுப் பூசணியையும் ஒரே வேளையில் தீர்த்திருக்கிறார். அடுத்த சந்தையில் பயந்துகொண்டே விசாரித்தேன். “கண்ணுக்கு என்ன பண்ணுச்சோ தெரியலீங்க. ஊட்டுக்கும் ஓடைக்கும் நடந்ததுல காலு நல்லாப் பலமாயிருச்சு.”

ஒரு கேள்வி

ஒருநாள் கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தபோது பொன்னாயி அக்கா என் மடியைப் பார்த்தார். செல்வி என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள். “எல்லாத்துக்கும் நல்லதுங்கறீங்க. புள்ளைக்கு ஏனுங்க குடுக்கலே?”

“ஒத்துக்குமோ என்னவோன்னுதான்...” என்றேன். வைத்தியரிடம் போக மலையிறங்க வேண்டும். அதுவரை அந்தச் சிறிய உடம்பு தாங்குமா? நான் அதைச் சொல்வதற்குள் அவரவர் கையிலிருந்த காய் ஒவ்வொன்றாக என் கூடைக்குத் திரும்பிவிட்டது.

அக்கா என் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து அறுத்தார். மூன்று கல்லைக் கூட்டி, ஒரு துண்டை வேகவைத்து மசித்தார். தாம் ஒரு வாய் தின்றார், எனக்கு ஒரு வாய் கொடுத்தார். பிறகு விரல் நுனியில் துளி எடுத்துச் செல்வியின் நாக்கில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். யோசித்தாள். விழுங்கினாள். பிறகு அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்தாள். துளித்துளியாய்ச் சட்டி காலியான பிறகும் பிடி தளரவில்லை.

“உடு சாமி, காய் தீந்துபோச்சு. இது என்ற வெரலு.”

இப்போது கொடியில் காய்ப்பதெல்லாம் செல்விக்கே போதாததால், என் பூசணி வியாபாரம் படுத்துவிட்டது என்பதைச் சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.