ஐஸ் பெட்டியில் அக்காவின் மச்சை

"...இதென்ன பாரை மீன்குட்டியோ அண்ணை, இப்பிடி ஐசுக்குள்ள தாட்டுக் கொண்டு வந்திருக்கிறியள்?"

வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் என் பெட்டியைத் திறந்த மிஸ் கேட்டார். உள்ளே ஒரு சின்னக் குழாய். அன்று காலை அக்காவின் இடுப்பெலும்பில் குத்தி எடுத்த மச்சை அதில் இருந்தது. "கெதியாக் கொண்டு போங்க" என்று மட்டும்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் முகத்துவாரத்தில் மீன் பெட்டிகளோடு வளர்ந்தவன். கெடக்கூடாத எதையும் ஐஸில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கல்யாணக் கேக்கையே வைத்திருக்கிறோம்.

"இந்தக் குளிருக்குக் கலங்கள் செத்துப்போம். கனக்கச் செத்திருந்தா, திரும்பவும் குத்தித்தான் எடுக்கோணும்."

இரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்றியபோது முனகாத அக்கா, அந்த ஊசிக்குத்தான் அழுதாள். "பிள்ளை பெத்தது விளையாட்டுடா, இதுக்கு முன்னால" என்றாள்.

மிஸ் குழாயைத் துடைத்து, குளிர் போகட்டும் என்று மேசையில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, கதை கொடுத்தார். மச்சையிலுள்ள மூலக்கலம் இரத்தக்கலமாக முற்றும்போது அதன் மேற்பரப்பில் அடையாளம்போல் இருக்கும் ஏற்பிகள் மாறிக்கொண்டே போகுமாம். அவற்றில் நிறம் ஒட்டவைத்து மெஷினில் பார்ப்பார்களாம்.

"நேர்சரிக்கு ஒரு உடுப்பு, பெரிய பள்ளிக்கு வேற உடுப்பு. வளராமல் நேர்சரி உடுப்போடயே கூட்டமா நிண்டா, அதுதான் அக்கான்ர வருத்தம்."

எந்த டொக்டரும் எனக்கு இவ்வளவு விளங்கச் சொன்னதில்லை.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி, செய்த கூத்தை அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டேன். மறைக்கத் தெரியாத வாய். பிறகு மூன்று மணித்தியாலம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. "தப்பிட்டியள். உயிரோட இருக்கிற கலங்களே போதும்" என்றார் மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "டொக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்லுவார். ஆனா கனபேர் உடுப்பு மாத்திட்டினம்."

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. "தம்பி, திரும்பக் குத்துவாங்களாடா?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை என் கையிலிருந்து வாங்கினார். "இல்லை அக்கா, குத்தமாட்டினம்" என்றவர், "நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வாங்கில் அமர்ந்தார்.